பட்டறிவும் பட்டயமும்

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு சங்கத்தார் நம்மைப் பணித்தனர். செஞ்சியில் வாழ்வோர்க்கு வரலாறு எனின் கோட்டையும் தேசிங்கு ராஜனும் நினைவிற்கு வருதல் இயல்பு. ஆயினும், சங்கத்தின் மாலை வகுப்பிற்கு அண்மையில் வந்திருந்த இளைஞர் இருவர் எழுப்பிய வினாவே இக்கட்டுரைக்குப் பொருளாயிற்று.

அவருள் ஒருவர் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஒன்பது ஆண்டுகளாகச் சென்னையில் ஓர் ஒப்பந்தக்காரரிடம் கண்ணாடி இழைக் கேபிள் பதிக்கும் வேலை செய்துவந்தார். அறுந்த இழையை மயிரிழையும் பிசகாமல் ஒட்டவும், பழுது எத்தனையாவது மீட்டரில் உள்ளது எனக் கருவியால் அளந்து கூறவும் வல்லவர். மற்றவர் பட்டதாரி. கடன் வாங்கிக் கட்டணம் செலுத்தி, கணினி வலைப்பின்னல் பயிற்சி நிலையம் ஒன்றில் சேர்ந்து சான்றிதழும் பெற்றவர். முன்னவரை நோக்கி நிறுவனத்தார், "சான்றிதழ் எங்கே?" என்றனர். பின்னவரை நோக்கி, "அனுபவம் எங்கே?" என்றனர். இருவரும் வெறுங்கையுடன் ஊர் திரும்பினர். "ஐயா, இரண்டில் எது பெரிது?" என்று அவர்கள் நம்மைக் கேட்டனர்.

இவ்வினா இன்றைய நெட்வொர்க் தொழிலுக்கு மட்டும் உரியதன்று. நம் சமுதாயத்தின் நெடிய வரலாற்றில் மீண்டும் மீண்டும் நம் வாயிலில் வந்து நின்ற வினா இது. ஆதலின் விடையையும் அவ்வரலாற்றிலேயே தேடுவோமாக.

கோட்டையும் குழாயும்

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்னும் மூன்று குன்றுகளை மதிலால் இணைத்து எழுப்பப்பட்டது நம் செஞ்சிக் கோட்டை. 2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் யுனெஸ்கோ நிறுவனம், மராட்டியர் படைத்தலங்களாகிய பன்னிரு கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றபோது, தமிழ்நாட்டிலிருந்து அப்பட்டியலில் இடம்பெற்ற ஒரே கோட்டை இதுவேயாகும். பதினொரு கோட்டைகள் மகாராஷ்டிரத்தில் உள்ளன.

கோட்டையைச் சுற்றிப் பார்க்க வருவோர் கல்யாண மகாலின் அடுக்குகளைக் கண்டு வியப்பர். நாம் நம் மாணவர்களுக்குக் காட்டுவது அதன் நீர்வழியை. சுட்ட மண்குழாய்களின் வழியே தொலைவிலிருந்து நீர் கொண்டுவரப்பட்டு அம்மாளிகைக்கு ஏற்றப்பட்டது. ஓரிடத்தில் உள்ளதைப் பல இடங்களுக்குத் தடையின்றிக் கொண்டு சேர்க்கும் பின்னல் வேலையே இன்றைய வலைப்பின்னல் தொழில் எனின், அதன் பாட்டன் வேலை நம் கோட்டைக்குள்ளேயே இருக்கின்றது. வாட்டம் பார்த்துப் பள்ளம் வெட்டியவர், குழாய் சுட்டவர், இணைப்பிற்குச் சுண்ணம் குழைத்தவர் ஆகியோரின் பட்டறிவு இன்றித் துளி நீரும் மேலே ஏறியிராது.

அவர்தம் பெயர் யாவை? பேராசிரியர் சி. எஸ். சீனிவாசாச்சாரியார் 1943ஆம் ஆண்டு எழுதி வெளியிட்ட செஞ்சி வரலாற்று நூலில் கோன்களும் நாயக்கர்களும் பீஜப்பூர்த் தளபதிகளும் மராட்டியரும் முகலாயரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அணிவகுத்து நிற்கின்றனர். அரசர்க்குக் கல்வெட்டு உண்டு. தளபதிக்குக் கடிதம் உண்டு. கல் சுமந்தவனுக்கு ஏதும் இல்லை. கோட்டையை ஒட்டிய சிறு குன்று ஒன்று சக்கிலி துர்க்கம் என வழங்குகின்றது. சேணமும் தோற்பையும் தைத்துத் தந்த நம் அருந்ததிய உடன்பிறப்புகளின் இனப்பெயர் ஒரு குன்றின் மேல் நிற்கின்றது. ஆனால் அவ்வினத்தில் ஓர் ஆளின் பெயரும் ஏட்டில் நிற்கவில்லை. நம் முன்னோர்க்குப் பட்டறிவு குறைவாயிருந்ததில்லை. அதனைப் பதிவு செய்தவர் எவரும் இல்லை. நம் வரலாற்றின் முதற்பாடம் இதுவே.

பட்டயம் என்னும் சொல்

இன்று 'டிப்ளமோ' என்பதனைப் பட்டயம் என்கிறோம். முற்காலத்தில் செப்பேட்டில் பொறித்துத் தந்த உரிமைச் சாசனத்திற்கே அப்பெயர் வழங்கிற்று. இன்னார்க்கு இந்நிலம் உரியது என அது சொல்லும். தலைமுறை தலைமுறையாக அந்நிலத்தை உழுதவன் கையில் பட்டயம் இல்லை. ஏர் பிடித்த கையின் காய்ப்பு நில உரிமைக்குச் சான்றாகக் கொள்ளப்படவில்லை.

செங்கற்பட்டு கலெக்டராயிருந்த டிரெமென்ஹீர் துரை 1891ஆம் ஆண்டில் நம் மக்களின் நிலையை ஆராய்ந்து அரசுக்கு அறிக்கை அளித்தார். அதன் பயனாக 1892இல் பிறந்ததே பஞ்சமி நிலத் திட்டம். அந்நிலத்தைப் பெற்றோர் முதற் பத்தாண்டுகளுக்கு அதனை விற்றல் கூடாது. அதன்பின் விற்பினும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்றல் வேண்டும் என்பன அதன் நிபந்தனைகள். இத்துணைக் காப்பு இருந்தும் அந்நிலங்கள் பல ஊர்களில் கைமாறிப் போயின. தாளில் எழுதியிருந்ததைப் படித்துணர இயலாதவனிடம் தாள் இருந்தும் பயனில்லை. பட்டறிவு மட்டும் போதாது என்பதோடு, பட்டயம் மட்டும் போதாது என்பதனையும் இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகின்றது.

எசமானின் நற்சாட்சி

வெள்ளையர் ஆட்சியில் நம்மவர் பலர் துரைமார் இல்லங்களில் சமையற்காரராகவும் பட்லராகவும் பணியாற்றினர். துரை சீமைக்குத் திரும்புங்கால், "இவன் நல்லவன், நாணயமானவன்" என ஒரு நற்சாட்சிக் கடிதம் எழுதிக் கொடுப்பார். அடுத்த துரையிடம் வேலை பெற அக்கடிதமே துணை. இருபது ஆண்டுப் பட்டறிவும் துரையின் நான்கு வரிகளுள் அடங்கிற்று. அவர் சினங்கொண்டால் அந்நான்கு வரியும் இல்லை.

இங்கு ஓர் உண்மையைக் கருதிப் பார்த்தல் வேண்டும். பட்டறிவு தானாகப் பேசாது. அதற்குச் சாட்சி சொல்ல ஒருவர் வேண்டும். நம் மக்களின் உழைப்பிற்குச் சாட்சி எப்பொழுதும் வேலை வாங்கியவனாகவே இருந்தான். அவன் வாய் திறந்தால் நாம் தொழில் தெரிந்தவர், திறவாவிடில் கூலிக்காரர்.

இந்நிலையிலிருந்து சிறிதளவு விடுதலை தந்தது படைத்துறை. 1780இல் தோன்றிய சென்னைப் பயனியர் படையின் வழிவந்த சாப்பர் படையில் நம்மவர் பெருந்தொகையினராகச் சேர்ந்து பாலம் கட்டினர், பாதை அமைத்தனர், அகழி வெட்டினர். படையிலிருந்து விலகியபோது பணியாற்றிய ஆண்டுகளை எழுதிய சான்றும் ஓய்வூதியமும் பெற்று ஊர் திரும்பினர். அத்தகையோரின் வீடுகளில் பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றனர். உழைப்பு தாளில் ஏறியதன் விளைவு அது.

அதே காலத்தில் தேர்வு என்பதனை நம் தலைவர்கள் கண்மூடி வரவேற்கவில்லை என்பதும் அறியத்தக்கது. இந்திய சிவில் சர்வீஸ் தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்னும் கோரிக்கை எழுந்தபோது, இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1893இல் சென்னையில் பறையர் மகாஜன சபையின் சார்பில் கூட்டம் கூட்டி அதனை எதிர்த்தார். ஆயிரக்கணக்கானோர் கையொப்பமிட்ட மனுவையும் இங்கிலாந்துக்கு அனுப்பினார். பள்ளிக்கூடத்தின் கதவு நமக்கு அடைபட்டிருக்கையில், தேர்வின் கதவு திறந்திருப்பதால் பயன் பெறுவோர் பிறரே என்பது அவர்தம் கருத்து. தேர்வு பொதுவானது, தேர்வுக்குச் செல்லும் வழி பொதுவானதன்று. பயிற்சிக் கட்டணம் செலுத்த இயலாத நம் பிள்ளைகளைக் காணும்போது இக்கருத்து இன்றும் நினைவிற்கு வருகின்றது.

அண்ணல் கண்ட இருவழி

சான்றிதழ் ஒன்றே போதும் எனின், அண்ணல் அம்பேத்கரைவிட மிகுதியாகப் பெற்றவர் யாவர்? கொலம்பியாவில் பயின்று 1917இல் பரோடா அரசின் பணிக்கு அவர் சென்றபோது, அலுவலக ஏவலர் கோப்புகளைக் கையில் கொடாது தூர எறிந்தனர். தங்க இடமும் கிடைக்கவில்லை. நகரை விட்டே அவர் வெளியேற நேர்ந்தது. பட்டம் சாதியைக் கழுவும் நீரன்று என்பதனை அன்றே அவர் கண்டார்.

ஆயினும் அவர் பட்டத்தைத் துறக்கச் சொல்லவில்லை. 1942இல் வைசிராயின் நிருவாக சபையில் தொழிலாளர் உறுப்பினரான பின், தாழ்த்தப்பட்டோர் குறைகளைத் தொகுத்து அவர் அளித்த விண்ணப்பத்தில், உயர்கல்விக்கான உதவித்தொகையோடு, அரசு அச்சகங்களிலும் ரயில்வே பட்டறைகளிலும் நம் இளைஞர்க்குத் தொழில் பழகுநர் இடம் வேண்டும் எனவும் கேட்டார். 1943இல் மத்திய அரசுப் பணிகளில் நமக்கு எட்டே மூன்றில் ஒரு விழுக்காடு இட ஒதுக்கீடு கிட்டியது. 1944இல் உயர்கல்வி உதவித்தொகைத் திட்டம் தோன்றியது. ஒரு கையில் ஏடு, மறு கையில் கருவி. இரண்டையும் ஒருங்கே கேட்டவர் அண்ணல். பின்னாளில் 1961ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தில், பட்டியல் வகுப்பினர்க்குப் பயிற்சி இடங்களை ஒதுக்கும் விதி 1973இல் சேர்க்கப்பட்டது. இவ்விதியை நம் இளைஞருள் எத்தனை பேர் அறிவர்?

கம்பித் தடத்தில்

இனி, வலைப்பின்னல் தொழிலின் வரலாற்றுக்கு வருவோம். இந்நாட்டில் அத்தொழில் தந்தியில் தொடங்கிற்று. 1850-51இல் கல்கத்தாவிற்கும் டயமண்ட் துறைமுகத்திற்கும் இடையே முதல் தந்திக் கம்பி அமைத்தவர் ஓஷாக்னசி என்னும் அயர்லாந்து மருத்துவர். அவருக்குத் துணையாயிருந்த சிப் சந்திர நந்தி என்னும் வங்காளி, நாணயச் சாலையில் பணியாற்றி வேலையின் மூலமே தொழிலைக் கற்றவர். அன்று தந்திக்கெனப் பட்டமும் இல்லை, படிப்பும் இல்லை. எந்தத் தொழிலும் புதிதாயிருக்கும்போது பட்டறிவே பட்டயமாக நிற்கும். தொழில் நிலைபெற்ற பின் தேர்வு வந்து வாயிலில் அமரும்.

அவ்வாறே தந்தித் தொலைபேசித் துறை வளர வளர, அதன் அடித்தளத்தில் தினக்கூலி மஸ்தூர்கள் பெருகினர். பள்ளம் தோண்டுதல், கம்பம் நடுதல், கேபிள் இழுத்தல் ஆகியன அவர் வேலை. பல்லாண்டு உழைத்தும் அவர்கள் நிரந்தரமாகவில்லை. அவர்தம் வழக்கில் 1987 அக்டோபரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பு வழங்கிற்று. நிரந்தர ஊழியர் பெறும் ஊதிய விகிதத்தின் குறைந்தபட்சத் தொகையைத் தினக்கூலிகளுக்கும் வழங்கவேண்டும் எனவும், ஓராண்டிற்கு மேல் தொடர்ந்து பணிபுரிந்தோரைப் படிப்படியாகப் பணியில் ஈர்த்துக்கொள்ளத் திட்டம் வகுக்கவேண்டும் எனவும் அத்தீர்ப்பு ஆணையிட்டது. அதன்படி 1989 அக்டோபர் முதல் நாளில் நடைமுறைக்கு வந்த தொலைத்தொடர்புத் துறைத் திட்டம், ஓராண்டில் 240 நாள் வேலை செய்தவர்க்குத் தற்காலிக ஊழியர் தகுதியை அளித்தது.

இளைஞர்களே, அந்த 240 நாளை எவ்வாறு மெய்ப்பிப்பது? மஸ்டர் ரோலில் பெயர் இருத்தல் வேண்டும். கையொப்பமோ கைரேகையோ இருத்தல் வேண்டும். ஒரே பள்ளத்தில் ஒரே நாளில் இறங்கிய இருவருள், ஏட்டில் பெயர் ஏறியவன் அரசு ஊழியனாகலாம். ஏறாதவன் கூலியாகவே முதுமை எய்துவான். பட்டறிவே வெல்கின்ற இடத்திலும் எழுதப்பட்ட பட்டறிவே வென்றது.

அதன்பின் காலம் மாறிற்று. 2000 அக்டோபரில் தொலைபேசிச் சேவை பி.எஸ்.என்.எல். நிறுவனத்திடம் சென்றது. 2006 ஏப்ரலில், உமாதேவி வழக்கில் உச்சநீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, நெடுநாள் தற்காலிகமாக உழைத்தது ஒன்றே நிரந்தரப் பணிக்கு உரிமையாகாது எனத் தீர்ப்பளித்தது. பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்தோர்க்கு அத்தீர்ப்பு ஒரு முறை மட்டும் விலக்குக் காட்டிற்று. ஆனால் அவ்விலக்கும் பதவிக்குரிய கல்வித்தகுதி உடையவர்க்கே உரியதாயிற்று. 2013 ஜூலையில் தந்திச் சேவை முடிவுற்றது. 2020 ஜனவரி இறுதியில் பி.எஸ்.என்.எல். ஊழியர் 78,000க்கும் மேற்பட்டோர் விருப்ப ஓய்வில் வெளியேறினர். அவ்வேலைகளிற் பெரும்பங்கு இன்று ஒப்பந்தக்காரரிடம் உள்ளது. அங்கே இட ஒதுக்கீடும் இல்லை, மஸ்டர் ரோலும் இல்லை.

காகிதப் பொறியாளர்

1995 ஆகஸ்டு 15இல் இணையச் சேவை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபின், கணினி வலைப்பின்னல் ஒரு தனித் தொழிலாயிற்று. இத்தொழிலில் சான்றிதழை வழங்குவன பெரும்பாலும் கருவி செய்யும் நிறுவனங்களே. முன்னர் நோவெல் நிறுவனம் அதில் புகழ்பெற்றிருந்தது. 1998 முதல் சிஸ்கோ நிறுவனத்தின் சி.சி.என்.ஏ. தேர்வு பரவலாயிற்று. அத்தேர்வின் கட்டணம் ஏறத்தாழ 300 டாலர். சான்றிதழின் ஆயுளோ மூன்றே ஆண்டு. வினாவிடையை மனப்பாடம் செய்து தேறி, ரௌட்டரைத் தொட்டறியாதவரைத் தொழிலில் உள்ளோர் காகிதப் பொறியாளர் என எள்ளி நகையாடுவர். அதே நிறுவனத்தின் மிக உயர்ந்த சான்றிதழாகிய சி.சி.ஐ.ஈ.க்கு எட்டு மணி நேரச் செய்முறைத் தேர்வு உண்டு. சான்றிதழ் உயர உயர அதுவும் பட்டறிவையே நாடுகின்றது என்பது இதனால் விளங்கும்.

எனின், அனுபவம் மட்டும் போதுமே எனச் சிலர் கூறுவர். அறிந்தவர் ஒருவர் அறிமுகம் செய்ய, திறமையைக் காட்டி வேலை பெறலாம் என்பர். அவ்வறிவுரை மேலிடங்களில் மாமனும் மைத்துனனும் அமர்ந்திருக்கும் குடும்பத்தார்க்குப் பொருந்தும். நமக்கு அங்கே அறிந்தவர் யாவர்? முன்பின் அறியாதவனிடம் நமக்காகப் பேசக்கூடியது சான்றிதழ் ஒன்றே. தேர்வுத்தாளில் எண் உண்டு, சேரியின் பெயர் இல்லை.

ஆயினும் முழு உண்மையையும் மறைத்தல் ஆசிரியர்க்கு அழகன்று. சுகதேவ் தோரட், பால் அட்டவெல் என்னும் அறிஞர் இருவர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒத்த கல்வித்தகுதியுடைய விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தனர். தலித் பெயருள்ள விண்ணப்பங்களுக்கு அழைப்பு வரும் வாய்ப்பு உயர்சாதிப் பெயருள்ளவற்றைவிடக் குறைந்திருந்தது. பரோடாவில் கோப்பு எறிந்த கை இன்னும் ஓயவில்லை. ஆதலின் சான்றிதழ் நமக்குத் திறவுகோல் எனினும், எல்லாப் பூட்டையும் திறக்கும் மாயத் திறவுகோல் அன்று.

செய்யத்தக்கன

இனி அவ்விளைஞர் இருவர்க்கும் நாம் கூறிய விடையை எழுதுகின்றோம். பட்டறிவே தொழிலின் உயிர், அதில் ஐயமில்லை. ஆனால் நம் சமுதாயத்தைப் பொறுத்தவரை, எழுதப்படாத பட்டறிவு பிறர்க்கு உரிமையான பட்டறிவேயாகும். ஆகவே சான்றிதழைப் பட்டறிவுக்குப் போட்டியாகக் கருதாதீர். பட்டறிவை நம் பெயரில் எழுதிக்கொள்ளும் ஏடாகக் கருதுக.

வேலை அறிந்தவர் முதலில் தம் உழைப்பைப் பதிவு செய்தல் வேண்டும். ஊதியத்தை வங்கிக் கணக்கு வழியே பெறுக. வருங்கால வைப்பு நிதியில் தம் பெயர் உள்ளதா எனக் கேட்டு, 2014 முதல் வழங்கப்படும் பொதுக் கணக்கு எண்ணைப் பெறுக. எந்த நிறுவனத்தில் எத்தனை திங்கள் உழைத்தோம் என்பதனை அது காட்டும். இன்றைய மஸ்டர் ரோல் அதுவே. ஒப்பந்தக்காரரை விட்டு நீங்குமுன் அனுபவச் சான்றை எழுதி வாங்குக. 2015இல் தொடங்கிய பிரதம மந்திரி திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், வேலையின் வழியே கற்றவரைச் சோதித்துச் சான்றளிக்கும் முறையும் இடம்பெற்றது. இத்தகைய வாய்ப்பு வரும்போது நழுவவிடல் ஆகாது. விட்ட பள்ளிப்படிப்பைத் தனித்தேர்வர் ஆகவேனும் முடித்தல் இன்றியமையாதது.

சான்றிதழ் பெற்றவர் ஓராண்டேனும் களத்தில் இறங்குதல் வேண்டும். பட்டதாரி கேபிள் இழுப்பதா என நாணுதல் வீண். 12,525 ஊராட்சிகளை இணைக்கும் நோக்குடன் தமிழ்நாட்டில் கண்ணாடி இழை பதிக்கும் பணி மேற்கொள்ளப்பட்டது. இழை பதித்தபின் அதனைப் பேணுதற்கும் ஆள் தேவை. பழைய ரௌட்டர் ஒன்றை வாங்கிப் பிரித்துப் பழகுக. அதற்கும் வழியில்லாதார், சிஸ்கோ கட்டணமின்றி வழங்கும் பேக்கட் டிரேசர் என்னும் மென்பொருளில் பயிலலாம். இன்னும் சான்றிதழ் பெறாதார், பயிற்சி நிலையத்திற்குக் கடன் வாங்குமுன், தாட்கோவின் இலவசத் திறன் பயிற்சிகளையும் தொழிற்பயிற்சி நிலையத்தையும் விசாரித்தறிக. ஒரு சான்றிதழைக் கொண்டு வேலை பெற்றபின் அடுத்ததை நாடுக. வேலையின்றிச் சான்றிதழ்களைக் குவித்தல் கடனைக் குவித்தலே ஆகும்.

யாவற்றினும் மேலாக ஒன்று. அவ்விருவரும் நம் சங்கத்தின் ஒரே விசிப்பலகையில் அமர்ந்திருந்தும் ஒருவரையொருவர் அறியாதிருந்தனர். ஒருவர்க்கு இழை ஒட்டத் தெரியும். மற்றவர்க்குத் தேர்வு எழுதத் தெரியும். இப்பொழுது ஞாயிறுதோறும் ஒருவர் மற்றவர்க்குக் கற்பித்து வருகின்றனர். மேலிடத்தில் அறிந்தவர் நமக்கு இல்லை என மேலே கூறினோம். நாளை வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைக்கு அறிந்தவராக இவ்விருவர் இருப்பர். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நம் பெரியோர் இச்சங்கத்தைத் தொடங்கியதன் நோக்கமும் இதுவன்றோ?

கோட்டையில் குழாய் பதித்தவனின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. இன்று செஞ்சிச் சாலையோரம் கேபிள் பதிக்கும் நம் தம்பியின் பெயராவது ஏட்டில் ஏறுக!

வாழ்க நம் சங்கம்! வளர்க நம் கல்வி!